வில்லங்கம்

மூன்று லட்சத்து எண்பதாயிரம் ராண்ட்.
அந்தக் காசுக்கு மில்லர்புரத்தில்
கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது என்றான் தம்பி.
அதனால்தான் இங்கே வாங்குகிறேன் என்றேன்.

கிளென்கோ.
நிலக்கரி இருந்தவரை ரயில் நின்ற ஊர்.
இப்போது நிற்காமல் போகிறது,
நள்ளிரவில், எண்ண எண்ணத் தீராத சரக்குப் பெட்டிகள்.
ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்க
ஆறு நிமிடம்.
விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றாள்
தரகர் ஹெட்டி,
மற்றக் காரணங்களைச் சொல்லாமல்.

தொலைபேசியில் ஜெசிந்தா கொரேரா என்றதும்
போர்ச்சுகீசியக்காரி என்று நினைத்துவிட்டாளாம்.
மடெய்ராவா, மொசாம்பிக்கா என்று கேட்டிருந்தாள்.
தூத்துக்குடி என்றேன். சரியாகக் கேட்கவில்லை போல.
நேரில் பார்த்தபோது
கை கொடுப்பதற்கு முன்
சாவிக்கொத்தில் எதையோ தேடினாள், கொஞ்ச நேரம்.

வீடு நன்றாகத்தான் இருந்தது.
பூ அடித்த தகரத்தில் உட்கூரை.
நடந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடும் பலகைத் தரை.
குளியல் தொட்டிக்கு மூன்று சிங்கப் பாதம்,
நான்காவது இடத்தில் ஒரு செங்கல்.
விற்பவர் பெர்த்தில் இருந்தார்.
அம்மா செத்து எட்டு வருடம்,
அவள் செருப்பு இன்னும் கொல்லைக் கதவருகே.

ஒப்பந்தத்தில் ஒரு சொல்: ஃபூட்ஸ்டூட்ஸ்.
உள்ளது உள்ளபடி.
ஒழுகலோடு, விரிசலோடு, கரையானோடு
காலால் தள்ளிவிட்டதுபோல் வாங்கிக்கொள்,
பிறகு வந்து நிற்காதே.
எனக்குக் கல்யாணம் நடந்தபோது
இந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை.

மின்சாரச் சான்றிதழுக்கு டயாலன் மூன்சாமி வந்தார்.
அவரிடம் தமிழ் நாலைந்து சொல்தான் மிச்சம்:
தண்ணி, உப்பு, போதும், சும்மா இரு.
பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு
நாலாவதைச் சொன்னார்.
ஒயரிடமா என்னிடமா தெரியவில்லை.

வில்லங்கம் பார்த்தாயா என்று
தம்பி மூன்று முறை செய்தி அனுப்பினான்.

பார்த்தேன்.
பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து வந்த பழைய பத்திரத்தின் நகல்,
மூன்றாம் பக்கம், தட்டச்சில் ‘ஈ’ எழுத்து மட்டும் மை அடைத்து:
இம்மனையை ஆசியர் எவருக்கும்
விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.
வீட்டு வேலையாள் நீங்கலாக
ஆசியர் எவரும் இங்கே இரவு தங்கலாகாது.

செத்துப்போன ஷரத்து என்றார் வக்கீல்.
எப்போதோ செல்லாமல் போய்விட்டது,
கண்டுகொள்ளாதீர்கள்.
வேண்டுமானால் ஏட்டிலிருந்தே நீக்க மனுப் போடலாம்,
அதற்குக் கட்டணம் தனி.
எவ்வளவு என்றேன்.
சொன்னார்.
மனதுக்குள் கெய்சர் விலை ஓடியது. ஏறக்குறைய அதே தொகை.

நம் ஊர்ப் பத்திரம் என்றால்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டனுபவித்துக்கொள்ளவேண்டியது என்று
இழுத்து முழக்கியிருக்கும்.
எனக்குப் பிள்ளை இல்லை.
இங்கே ஒரு எண்தான், ஏர்ஃப் 217.
கையெழுத்துப் போட்டேன்.
பேனா வக்கீலுடையது, திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் மாதம். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது.
ஆஸ்பத்திரியில் ஏழு பேருக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து
குழாயைத் திறந்தேன்.
முதலில் துரு. பிறகு காற்று.
பிறகு, மூன்சாமி புண்ணியத்தில்,
கை வைக்க முடியாத வெந்நீர்.

அந்த வரி அங்கே ஏதோ அலமாரியில் இருக்கிறது.
இருக்கட்டும்.
கரையானையும் செருப்பையும் வாங்கியதுபோல
அதையும் சேர்த்துத்தான் வாங்கினேன்.

கழுத்துவரை தண்ணீரில் கிடக்கிறேன்.
ரயில் வருகிறது.
மூன்று பாதமும் ஒரு செங்கலும்
மெல்ல ஆடுகின்றன.

சனிக்கிழமை டண்டீ பழைய இரும்புக் கடையில்
நாலாவது பாதம் கிடைக்குமா என்று பார்க்கவேண்டும்.